தோளில் விழுந்த கை

போன வாரம் யட்டியாந்தோட்டை பஜாரில் லீசிங் கம்பெனிப் பொடியன் ஒருவன், "அண்ணே, ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க, நாங்க இருக்கோம்ல" என்று என் தோளில் கை வைத்தான். தவணைக்கு த்ரீவீலர் வாங்கத்தான் போயிருந்தேன். கை பட்டதும் கையெழுத்துப் போட எடுத்த பேனையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்காரி இன்னும் திட்டுகிறாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள்தான் நான். ஆனால் இந்தப் பயத்துக்கு மட்டும் காரணம் உண்டு. நான் எட்டாம் வகுப்போடு நின்றதற்கும் அதுதான் காரணம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், ரப்பர் ஃபேக்டரியில் பாலை உறைய வைக்கிற அசிட் அப்பாவின் வலது கண்ணில் தெறித்தது. அங்கே இருந்தது அப்பா, சாப்பாடு கொண்டுபோன நான், தோட்ட ஆபீசில் கணக்கு, சம்பளம் எல்லாம் பார்க்கிற பெரிய கிளாக்கர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் விபத்து என்று எழுதிவிடுவார்கள். தோட்டம் நட்டஈடு கொடுக்க வேண்டி வரும். கிளாக்கர் மிரட்டவில்லை. சம்பளத்தைக்கூட விரல் படாமல் மேசையில் தள்ளிவிடுகிற மனிதர், அப்பாவின் தோளில் கையைப் போட்டு மெதுவாகத் தடவினார்.

"ராமையா, நீ எனக்கு தம்பி மாதிரி. டிஸ்பென்சரி மருந்தே போதும். மத்தத நான் பாத்துக்கிறேன்."

துடித்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே அடங்கிப்போனார். "சரிங்கய்யா."

வீட்டில் அவர் குரலில் வலியைவிடப் பெருமைதான் இருந்தது. "பெரிய கிளாக்கரு என் தோள்ல கை போட்டாருடி!"

"கை போட்டாரு. கண்ண யாரு போடுவா?" என்றாள் அம்மா.

அந்தக் கண் வெளுத்துப் போயிற்று. நட்டஈடு கேட்கப் போனபோது கிளாக்கர் தலையைத் தூக்கவே இல்லை. அப்பாவுக்கு வேலை குறைந்தது. நான் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டப் போனேன்.

வருடக்கணக்காகக் காத்திருந்தேன். கிளாக்கரின் மனைவி இறந்தபோது பழிதீர்க்கச் சந்தர்ப்பம் வாய்த்தது. எங்கள் பக்கம் இழவு வீட்டு வாசலில் வீட்டு ஆண்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஜென்மப் பகையாளியும் அந்தக் கையைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். கிளாக்கர் இரண்டு கையையும் என்னிடம் நீட்டினார். நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் கை அந்தரத்தில் நின்றது. பாவமாக இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. வயிறு குளிர்ந்தது.

அதற்குள் அப்பா என்னை ஒதுக்கிவிட்டு வந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். கிளாக்கர் அவர் தோளில் சாய்ந்து அழுதார்.

திரும்பும்போது அப்பா, "பாத்தியாடா, எம்மேல சாஞ்சு அழுதாரு" என்றார். நான் முன்னால் நடந்தேன்.

அப்பா போய், சில வருடத்தில் கிளாக்கரும் போனார். செய்தி வந்ததும், அந்தச் சாவுக்கு நாங்கள் எப்போதோ விட்டு வந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒருவரும் போகக்கூடாது என்று சொல்ல வீடு வீடாகக் கிளம்பினேன். முதல் கதவில் பூட்டு. அடுத்ததிலும் பூட்டு. எல்லோரும் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிருந்தார்கள். கடைசி வீட்டில் கதவே இல்லை.