ஷீட் ஞானையாவின் கூட்டுத்தொழில்

என் அப்பா ஞானையாவைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுதலாம்தான். இன்றைக்கு என்னால் முடியாது. அவர் மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல் இருக்கிறது. அவர் மேல் மட்டுமா, மாமா மேலும்தான்.

அப்பா நாசரேத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். வீட்டில் எல்லோரும் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் படிப்பு ஏறவில்லை. அக்காவைக் கட்டிய கோயில்பிள்ளை மாமா தூத்துக்குடியில் கூரை வேலை காண்டிராக்ட் எடுத்துக்கொண்டிருந்தார். "மச்சான், சும்மா இருக்கதுக்கு என்கூட வாங்களேன்" என்று கூட்டிப்போனார். போனவர் தலை நரைக்கும்வரை கீழே இறங்கவில்லை. துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கிகள், உப்பளத்துக் கொட்டகைகள், மீன் கம்பெனிகள் என்று கடலோரத்தில் பாதிக் கூரை அவர் கை பட்டதுதான். ஊரில் அவருக்கு ஷீட் ஞானையா என்றே பெயர்.

உப்புக்காற்றில் தகரம் நிற்காது. அதனால் இங்கே எல்லோருக்கும் சிமெண்ட் ஷீட்தான். அதற்குள் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் இருக்கிறது, அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது என்று யாரும் சொல்லவில்லை. மேலே உட்கார்ந்து மிஷினால் அறுப்பார், ஹூக் மாட்டத் துளை போடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் கூட வெள்ளையாக இருக்கும். மாமா நல்ல மனிதர். தூசிக்கு வாழைப்பழம் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு பழம் வாங்கிக்கொடுப்பார். அது வயிற்றுக்குத்தானே போகும் என்று ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் முதலில் டி.பி. என்றார்கள். மாத்திரையைத் தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம். அடுத்து இருதயம் என்றார்கள். போகிற இடமெல்லாம் பீடி குடிப்பீர்களா என்று கேட்டார்கள். பீடி வாசம் பட்டாலே எழுந்து போகிற மனிதர் அவர். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டரம்மாதான் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நாங்கள் மதுரை வரை போக வேண்டியிருந்தது.

கல்நார் நோய். குணமாகாது. வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷின் வைத்து, காலம் முழுக்க மருந்தும் எடுத்தால் மூச்சுக்குத் திணறாமல் இருக்கலாம். தனியார் பள்ளிக்கூடத்து டீச்சர் சம்பளத்தில் நான் எங்கே போவேன்? அப்போதுதான் வக்கீல் பிளாரன்ஸ் வழி சொன்னார். வேலையால் வந்த நோய்க்கு நஷ்டஈடு உண்டு. இன்சூரன்ஸ் இல்லாமல் ஆட்களைத் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள் என்பதற்காக மாமா எப்போதும் தன் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் போட்டுவைத்திருந்தார். ஆக, கொடுக்க வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி. மாமா கையிலிருந்து ஒன்றும் போகாது. அப்பா தொழிலாளர் ஆபீசுக்கு வந்து, 'நான் அவரிடம் கூலிக்கு வேலை பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் குடும்பம் என் உயிரை வாங்கியது.

முதலில் மாமா. இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் விசாரிக்க வீட்டுக்கு வந்தபோது நாற்காலி போட்டு, காபி கொடுத்து, "மச்சான் எனக்குப் பார்ட்னர் மாதிரில்லா, நாங்க சேந்துதான் தொழில் பண்ணினோம்" என்று பெருமையாகச் சொல்லியனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்து நான் ஓடினேன்.

"மாமா, பார்ட்னர்னு சொன்னா ஒண்ணுமே கிடைக்காது."

"அதுக்காக? கட்டினவளோட தம்பியைக் கூலிக்காரன்னு சொல்லச் சொல்லுதியா? நாக்கு அழுவிப் போயிரும்ளா."

சரி, அப்பாவாவது சொல்வார் என்று நினைத்தேன். வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சைக்குப் பிள்ளைகளைக்கூட நான் அப்படித் தயார் செய்ததில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

விசாரணை நடக்கிற இடம் இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. நெஞ்சு போனவர்கள் நஷ்டஈடு கேட்கிற ஆபீசை மாடியில் வைத்த புண்ணியவானை நான் பார்க்க வேண்டும். கீழே காத்திருக்கிற கொட்டகையில் சற்று உட்காரவைத்தால், அப்பா அண்ணாந்து பார்த்து, "ஷீட்ட நல்லா ஏத்திப் போட்டிருக்காம் பாரு, ஒரு சொட்டு ஒழுவாது" என்கிறார். அதுவும் அதே கல்நார் ஷீட். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

படிக்குப் படி நின்று ஏறினோம். மாமாவும் அப்பாவின் அக்கா ஜெபகனி அத்தையும் வந்திருந்தார்கள். கம்பெனி வக்கீல் பாண்டியராஜன் மரியாதையாகத்தான் கேட்டார். "ஐயா, கோயில்பிள்ளை உங்களுக்கு முதலாளியா?"

அப்பா மாமாவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். "சே, அப்படிலாம் இல்ல. அவுக எங்க அத்தான். நாங்க கூட்டாத்தான் தொழில் பாத்தோம்."

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். எதிரே மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சானும் அத்தானும் ஒருவரையொருவர் உயர்த்திப் பேசிக் கேஸைக் குழியில் இறக்கிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கத்தித் தீர்த்தேன். "ஏன்ப்பா, மூச்சு முக்கியமா, முறை முக்கியமா?"

"அக்கா முகத்துக்கு நேரா எப்பிடிளா சொல்ல?" என்றார். அதற்குள் இருமல் வந்துவிட்டது. அதன் பிறகு அவரிடம் சண்டை போடவும் முடியவில்லை. அழுகைதான் வந்தது.

சாட்சி சொல்ல இன்னும் யாராவது இருந்தால் கூட்டிவரலாம் என்று பிளாரன்ஸ் சொன்னார். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் உயிரோடு இல்லை, மீதிப்பேர் எங்கே என்றே தெரியவில்லை. நான் அத்தை வீட்டுக்குப் போனேன். கெஞ்சுவதற்கு என்று போகவில்லை, திட்டுவதற்கு என்றுதான் போனேன். அத்தை மீன் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "என்னைக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டார். மாமா வாயைத் திறந்தார். அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அடுத்த விசாரணையில் அத்தை சாட்சி சொன்னார்.

"சனிக்கிழமை சம்பளம் நாந்தான்யா குடுப்பேன். மத்த ஆளுகளுக்கு வாசல்ல வச்சுக் கையில குடுப்பேன். தம்பிய உள்ள கூப்பிட்டு, சோறு போட்டு, போவும்போது அவன் துண்டுல முடிஞ்சு விடுவேன். கூலி மாதிரி தெரியக் கூடாதுன்னு. ஆனா அது கூலிதான்யா."

பாண்டியராஜன் எழுந்தார். "லாபத்தில் அவர் பங்காக இருக்கலாமே அம்மா?"

"பங்குன்னா வேலை இல்லாத வாரமும் வந்திருக்கணும்லா? மழைக்காலத்தில அவன் துண்டு சும்மாதான் போச்சு. நாங்க மாடி கட்டினோம். அவன் இன்னைக்கும் மக வீட்டு முன்ரூம்புல கெடக்கான். பங்குன்னா அவனுக்கும்லா மாடி வந்திருக்கணும்."

மாமா தலையைத் தூக்கவே இல்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். பிளாரன்ஸ் என் பக்கம் திரும்பி, இது போதும் என்று மெல்லச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சொல்லச் சொல்லிக் கேட்டு அலுத்துப்போன அந்த வார்த்தையைக் கடைசியில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார் என்று மனசு குதித்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணிலிருந்து தாரைதாரையாக ஊற்றிக்கொண்டிருந்தது. டி.பி. என்று சொன்னபோதும், குணமாகாது என்று சொன்னபோதும் அழாத மனிதர்.

இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த அத்தை பாட்டிலைத் திறந்து தண்ணீர் நீட்டினார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இத்தனை பேருக்கு முன்னால என்னைக் கூலிக்காரன் ஆக்கிட்டா," என்று என்னிடம் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "சாவுத வரைக்கும் இனி இவகூட எனக்குப் பேச்சு இல்ல."

அத்தை அவருக்குக் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தார். சேலை முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தார். அப்பா தலையை ஆட்டித் தள்ளினார். அத்தை விடவில்லை.

"பேசாண்டாம்," என்றார் அத்தை. "மிஷின மாட்டிக்கிட்டு, நல்லா மூச்சு விட்டுக்கிட்டு, எத்தனை வருசம் வேணும்னாலும் என்கூடப் பேசாம இரு."