சந்தனம் மறைத்த நம்பர்

போன வருஷம், ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை. சங்கரன்கோவிலில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிற ஸ்கேன் சென்டரிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஓடினேன்.

கடையநல்லூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கணவருக்குத் திடீரென்று வலிப்பு வந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். தலைக்குள் ஒரு கட்டி தெரிகிறதாம். முன்பு ஒருமுறை இங்கே எடுத்த ஸ்கேனைப் பார்த்தால்தான் அது அப்படியே கிடக்கிறதா, வளர்கிறதா என்று தெரியும். இல்லையென்றால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்த ஃபிலிமோ மழையில் நனைந்து பாழாகியிருந்தது.

பழைய ஸ்கேன்கள் எல்லாம் ஒன்று, இரண்டு என்று நம்பர் எழுதிய இரண்டு பேக்கப் டிஸ்குகளில்தான் இருக்கும். எடுக்கப் போனால் எரர். எது எந்த டிஸ்கில் இருக்கிறது என்று அந்த சாஃப்ட்வேர் ஒரு கேட்டலாக் வைத்திருக்கும். டிஸ்க் அதோடு பொருந்தவில்லையாம். டிஸ்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்டது. எத்தனை முறை முயன்றாலும் அதே கேள்வி.

"எஸ் குடுத்துத்தான் பாரும்வே. அங்கன டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு," என்றார் சென்டர் அண்ணாச்சி.

"கிடைச்சிரும்லாண்ணே?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"பாக்குதேம்மா," என்றேன். எனக்கு நம்பிக்கையே இல்லை. மவுஸில் கையை வைத்துவிட்டேன். எதற்கும் கேபிளைப் பார்ப்போம் என்று டிஸ்கைத் தொட்டபோது விரலில் காய்ந்த சந்தனம் உதிர்ந்து ஒட்டியது.

"அண்ணாச்சி, பூஜைக்கு இதக் கழட்டுனீங்களா?"

"ரெண்டையும் தொடச்சுப் பொட்டு வச்சுல்லா சாமி முன்னால வச்சோம். திரும்ப மாட்டியாச்சே."

நகத்தால் சுரண்டினேன். சந்தனத்துக்கு அடியில், ஒன்றாம் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு என்று எழுதியிருந்தது. டிஸ்குகளை இடம் மாற்றி மாட்டினேன். எரர் போய்விட்டது. அந்த ஸ்கேன் இருந்தது இரண்டாவது டிஸ்கில். நான் எஸ் கொடுத்திருந்தால் அழிந்திருப்பது அதுதான். உடனே அதைக் காப்பி எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினேன்.

மத்தியானம் அந்தப் பெண்ணே போன் செய்தார். கட்டி துளியும் வளரவில்லை, மருந்தே போதும் என்று சொல்லிவிட்டார்களாம். "அல்லா ஒங்களுக்கு பரக்கத் தருவாண்ணே," என்று அழுதார்.

இன்றைக்கும் ஏதாவது திரை 'அழிக்கவா' என்று கேட்டால், முதலில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறேன். அந்தப் பக்கம் யாருடைய புருஷனோ படுத்திருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.