தாங்கித் திறந்த கதவு

மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு எங்களுடையது. அதில் நான் கைப்படச் செய்தவை குசினி அலுமாரிக் கதவுகள் மட்டும்தான். வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பீற்றிக்கொள்வேன்.

நோன்பு நாளொன்றில் குசினியில் கஞ்சி காய்ச்ச உதவிக்கு வந்த அவளது தங்கையின் முன்னால், ஒரு கதவின் மூலை பிளந்து தொங்கியது.

"இப்படி அடிச்சுச் சாத்தினா எந்தக் கதவுதான் நிக்கும்?" என்று மனைவி மீது பாய்ந்தேன். அவள் கஞ்சிப் பானையைக் கிளறத் திரும்பினாள்.

பெருநாள் கழிந்து கதவைக் கழற்றினேன். மூலைகளில் பெயின்ட் அடித்த பிறகு பசை தடவியிருக்கிறேன், மடையன். பசை பெயின்ட்டோடு தோலாக உரிந்து வந்தது. கதவைப் பிடித்துவைத்திருந்தவை வெறும் ஆணிகள். பெயின்ட்டைச் சுரண்டி, துளையிட்டு, பசையில் தோய்த்த மர முளைகளை அடித்து இறக்கி, ஒரு நாள் முழுக்கக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தேன்.

திரும்ப மாட்டியதும் அவளைத் திறந்து பார்க்கச் சொன்னேன். வலது கை பிடியை இழுக்க, இடது கை தானாகவே அடியில் போய்க் கதவைத் தாங்கியது.

"இனித் தாங்கத் தேவையில்ல," என்றேன்.

"ஓம், பழகிப் போச்சு. மொத மாசமே மூல ஆடத் தொடங்கிட்டு. நீங்க ஆசையாச் செஞ்சதெண்டு சொல்லல்ல."

அவளது தங்கையிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.