ஒரு திடலும் இரண்டு கொடியும்

தம்பலகாமத்தில் பஸ்ஸை விட்டிறங்கி மாட்டுவண்டில் சவாரிப் போட்டி பார்க்க வந்திருக்கிறேன். சவாரிச் சங்கம் இரண்டாக உடைந்துவிட்டது. இரண்டும் இன்று இதே திடலில், ஆளுக்கொரு முனையில் கொடியோடு நிற்கின்றன. நடுவில், எதிரே வரும் ஒரு வண்டில் விலகவும் இடமில்லை.

எனக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டிலில் ஏறியிருக்கும் சவாரிக்காரரிடம் கேட்கிறேன்: "அங்கால முனையிலயும் அதே நேரம் வண்டில விட்டா என்ன செய்வீங்கள்?"

"தூக்கின கொடி விழுந்தா ஓடத்தான் வேணும். நிண்டா இனி ஒரு சவாரிக்கும் விடமாட்டினம்."

"எதிர்ப்பக்கம் ஆர் ஓட்டுறது?"

"என்ர தம்பி." கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றுகிறார். "அவனுக்கும் இதே சட்டம்தான்."

எங்கள் முனையில் கொடி உயர்கிறது. எதிர்முனையைப் பார்க்கிறேன். அங்கேயும் உயர்கிறது.