யாரென்று கேட்காத வீடு

பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை எங்கள் வீட்டு வேலியோரம் நிறுத்தியிருந்த மூன்று சைக்கிள்கள். மூன்றும் புதியவை. ஒன்றில் டைனமோ விளக்கு இருந்தது. எங்கள் தெருவில் டைனமோ வைத்த சைக்கிள் யாரிடமும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. கோயமுத்தூரில் ஒரு நாளிதழில் நிருபராகச் சேர்ந்து எனக்கு இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. கோர்ட், போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி ஆகிய மூன்றும் என் பொறுப்பு. வீடு, சிங்காநல்லூருக்குப் போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, சோளக்காட்டை ஒட்டி இருந்தது. அப்பா ஒரு மில்லில் ஸ்பின்னிங் மேஸ்திரி. தங்கை பி.எஸ்சி. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் உறவில் காலேஜுக்குப் போன முதல் பெண் அவள்தான். ஏப்ரலில் பரீட்சை. தேறிவிட்டால் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலையைப் பற்றித்தான் அந்த வருடம் முழுவதும் எங்கள் வீட்டில் பேச்சு.

வாசலிலேயே ரேடியோ சத்தம் கேட்டது. அம்மா பகலில் ரேடியோ வைக்கமாட்டாள். உள்ளே போனேன். அப்பாவின் சாய்வு நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். இன்னும் இருவர் பெஞ்சில். மூவருக்கும் இருபது வயதுக்குள்தான் இருக்கும். டெரிலின் சட்டை, படிய வாரிய தலை, சுத்தமாக வெட்டிய நகங்கள். என்னைப் பார்த்ததும் மூவரும் எழுந்து நின்றார்கள்.

"வாங்கண்ணா" என்றான் சாய்வு நாற்காலிக்காரன்.

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வந்துட்டியா கண்ணு? கை காலக் கழுவீட்டு வா. எல்லாருக்கும் சந்தவை வெக்கறேன்."

அப்பாவின் மில்லில் வேலை செய்கிற யாருடைய பிள்ளைகளோ என்று நினைத்தேன். மழை இல்லாததைப் பற்றிப் பேசினார்கள். மேட்டுப்பாளையத்தில் பாக்கு விலை ஏறியிருப்பதைப் பற்றிப் பேசினார்கள். இடியாப்பம் மாதிரியான எங்கள் பக்கத்துச் சந்தவையைத் தேங்காய்ப் பால் ஊற்றிச் சாப்பிட்டார்கள். "போய்ட்டு வாரமுங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பார்கள். கேள்வி எல்லாம் அதற்குப் பிறகுதான். அதிலும் ஒரு முறை உண்டு. தண்ணீர் குடித்து உட்கார்ந்துவிட்ட ஆளிடம் நேராக "நீங்க யாரு" என்று கேட்பது, எழுந்து போ என்பதற்குச் சமம். எந்த ஊர், யார் வீடு என்பதையெல்லாம் வந்தவரே பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவார். சொல்லாமல் இருக்க யாருக்கும் தோன்றாது. இவர்கள் சொல்லவில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒருவன் எழுந்து ரேடியோவின் திருகைத் திருப்புவான். அதை நான் கவனித்தேன். பாட்டில் பிரியம் உள்ளவன் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுபடி வந்தார்கள். அந்த மாதத்தில் பல தடவை வந்தார்கள். அப்பா பகல் ஷிப்ட் முடிந்து வரும்போது ஒரு நாள் இருந்தார்கள். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "உக்காருங்க தம்பி, ஏன் எந்திரிக்கறீங்க?" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அவர்கள் என் பத்திரிகை ஆபீஸ்காரர்கள் என்று அவர் நினைத்திருந்தது எனக்குத் தெரியாது. என் சிநேகிதர்கள் என்று அம்மா நினைத்திருந்ததும் தெரியாது. தினமும் கோர்ட்டில் திருட்டு, வழிப்பறிக் குற்றவாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அங்கே கூண்டில் நின்றவர்கள் கிழிந்த சட்டை போட்டிருந்தார்கள். டெரிலின் போட்டவர்கள் கூண்டுக்கு வெளியே இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் வீட்டில் இருந்தோம். அம்மா அரிசிம்பருப்பு சாதம் செய்திருந்தாள். அவர்கள் வந்தார்கள், இலை போட்டாள். தங்கை காலேஜ் நாட்களில் அவர்கள் வரும்போது வீட்டில் இருக்கமாட்டாள். அன்று உள் அறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இன்னுங் கொஞ்சம் நெய் ஊத்தச் சொல்லுங்க" என்றான் மூவரில் மூத்தவன், அந்தச் சாய்வு நாற்காலிக்காரன்.

அதுவரை அப்பாவைப் பெரியப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பெரியப்பாவின் மகள் தங்கை முறை. மாமாவின் மகள் கட்டிக்கொள்கிற முறை. அப்பாவின் கை ரசக் கிண்ணத்தின் மேல் நின்றது. பிறகு அம்மாவிடம் நெய் எடுத்துவரச் சொன்னார்.

உள் அறைக் கதவு திறந்தது. தங்கை நிலைப்படியில் வந்து நின்றாள். கையில் பென்சில் இருந்தது.

"ஏனுங்க, நீங்கல்லாம் யாருங்க? எந்த ஊருங்க? எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சவங்களா, அண்ணனுக்குத் தெரிஞ்சவங்களா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா நெய்க் கிண்ணத்தோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த ஒரு நொடியில் மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

மூத்தவன் சிரித்தான். "சாப்புடற எலையில உக்காந்தவன யாருன்னு கேக்கறதுங்களா அம்மணி? ஏனுங்க மாமா, உங்க ஊட்டு வழக்கம் இதுங்களா?"

அப்பா தங்கையிடம், "நீ உள்ள போ சாமி" என்றார். பிறகு அவனிடம் திரும்பினார். "புள்ள தெரியாமக் கேட்டுப்போட்டா. நீங்க சாப்புடுங்க தம்பி."

சாப்பிட்டார்கள். அவசரமில்லாமல் மோர் வரைக்கும் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்த மூத்தவன் ரேடியோப் பெட்டி மேல் இருந்த அப்பாவின் கைக்கடிகாரத்தை எடுத்தான். மணிக்கட்டில் கட்டிப் பார்த்தான்.

"நல்லாருக்குதுங்க மாமா. கொஞ்ச நாளைக்கு நா கட்டிக்கறனுங்க."

அப்பா நகர்ந்து அவனுக்கு வழி விட்டார்.

"போய்ட்டு வாரனுங்க அத்தை."

சைக்கிள் மணிகள் தெருமுனை வரைக்கும் கேட்டன. அம்மா எச்சில் இலைகளை எடுக்காமல் நின்றாள். "நா உன்ற சிநேகிதங்கன்னல்ல நெனச்சேன்" என்றாள். நான் நினைத்ததைச் சொன்னேன். அப்பா நினைத்ததை அவர் சொன்னார்.

"மூணு பேருக்கும் வாய் இருக்குதல்ல?" என்றாள் தங்கை. "ஒரு மாசமா ஒருத்தராச்சும் கேக்கக்கூடாதுங்களா?"

"வந்தவங்கள எப்படி சாமி கேக்கறது?" என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா வாசல் கதவைத் தாழ் போட்டாள். அவர்கள் வெளியே நின்று ஒருவர் மாற்றி ஒருவர் சைக்கிள் மணி அடித்தார்கள். "அத்தை, தாகமா இருக்குதுங்க. ஒரு சொம்புத் தண்ணி குடுங்க." பட்டப்பகலில், தெருவே பார்க்க. பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க்கா, மருமகன் வெயில்ல நிக்கறாரு. கதவச் சாத்திப்போட்டு உள்ள என்ன பண்றீங்க?"

அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மாதமாக வந்து சாப்பிட்டுப் போகிறவனைத் தெரு வேறு என்னவாக நினைக்கும்? நிச்சயம் ஆகிவிட்டது, வைகாசி மாதம் கல்யாணம் என்று அந்த அம்மாளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். யார் என்று அம்மா கேட்டாள். "அந்தத் தம்பியேதான் சொன்னாருங்க. எவ்வளவு மருவாதியாப் பேசறாரு!"

ஒரு நாள் பஸ்ஸில் தங்கைக்குப் பின் இருக்கையில் மூத்தவன் வந்து உட்கார்ந்தான். கண்டக்டரிடம், "அம்மணிக்கும் சேத்து டிக்கெட் குடுங்க, நம்ம ஊடுதான்" என்றான். கண்டக்டர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நான்கு மைல் நடந்து வீட்டுக்கு வந்தாள். செருப்பு வார் அறுந்திருந்தது. என்ன நடந்தது என்று என்னிடம் வரிசையாக, ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள்.

அந்த வாரக் கடைசியில் அப்பா காலையில் கிணற்றில் வாளி விட்டார். வாளி தண்ணீரில் போய் விழுகிற சத்தம் சரியாக இல்லை. எட்டிப் பார்த்தார். செத்த நாய் ஒன்று மிதந்தது. கழுத்தில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனை, ஏற்கனவே முடிச்சுப் போட்டு, உருளைத் தூணில் கட்டியிருந்தது. எடுத்துப் போடுவதற்கு வசதியாகக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அன்று அப்பா மில்லுக்குப் போகவில்லை. இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். சப்-இன்ஸ்பெக்டருக்கு என்னைத் தெரியும். தினமும் செய்தி கேட்டுப் போகிறவன். அவர் தெற்கத்திக்காரர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவைக் கேட்டார்.

"பூட்டை உடைச்சு வந்தாங்களா?"

"இல்லீங்க."

"யாரு உள்ள விட்டது?"

"நாங்கதானுங்க."

"சாப்பாடு?"

"போட்டமுங்க."

"வாட்ச்சை உங்க கண்ணு முன்னாலதான் எடுத்தான். நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க."

அவர் பேனாவை மூடினார். "இத நான் என்னன்னு எழுதறது பெரியவரே?" என்றார். எழுதவில்லை என்றாலும் ஆள் அனுப்பினார். டைனமோ சைக்கிள் அடையாளத்தை வைத்து அன்று மாலையே மூவரையும் கூட்டிவந்துவிட்டார்கள். நான் எதிர்பார்த்தது வேறு. மூவரும் அவிநாசி சாலைப் பக்கத்து நல்ல குடும்பத்துப் பையன்கள். மூத்தவனின் வீட்டாருக்குப் பருத்தி அரைக்கும் ஜின்னிங் ஆலை இருந்தது. அவன் பி.காம். கடைசி வருடம். ஸ்டேஷனில் இருந்த எல்லோருக்கும், எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து, கும்பிடு போட்டான்.

"எதுக்குடா இந்த வீடு?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர். "பொண்ணுக்காகவா?"

"அம்மணியத் தெரியவே தெரியாதுங்க சார். ஒரு நாளு தாகமா இருந்துச்சுங்க, போனமுங்க. தண்ணி குடுத்தாங்க, காப்பி குடுத்தாங்க. யாருன்னு யாருமே கேக்கலீங்க. எத்தன நாளைக்குத்தான் கேக்கமாட்டாங்கன்னு எங்களுக்குள்ள ஒரு பந்தயமுங்க."

"அப்புறம்?"

"அம்மணி கேட்டுப்போட்டாங்க. நா தோத்துட்டனுங்க." பக்கத்தில் நின்ற இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

கொலை வழக்குகளில் வாக்குமூலம் கேட்டு எழுதியிருக்கிறேன். அன்று என்னால் பென்சிலை எடுக்க முடியவில்லை. அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய தகப்பனார் காரில் வந்தார். கதர் வேட்டி, தோளில் துண்டு. டிரைவர் பழத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். வாழைப்பழச் சீப்புக்கு மேல் அப்பாவின் கைக்கடிகாரம் இருந்தது. அவர் உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

"பசங்க வெளையாட்டு வெனையாப் போச்சுங்க. கெணறு எறைக்க நா ஆள் அனுப்பறனுங்க. மன்னிச்சுக்கோணும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"கேஸுன்னு போனா நாளைக்கு உங்க பொண்ணும் கோர்ட்டுல வந்து நிக்கோணுமுங்க. வக்கீலு கண்டதையுங் கேப்பான். எத்தன நாள் வந்தாங்க, யாரு சோறு போட்டாங்கன்னு கேப்பான். உங்களுக்கு அது வேணுங்களா? அப்புறம், இவனுக்கு ஏப்ரல்ல பரீட்சைங்க. படிப்பு வீணாப் போயிருமுங்க."

உள் அறையிலிருந்து தங்கை சொன்னாள். கதவு மூடியிருந்தது, குரல் தெளிவாக வந்தது.

"எனக்கும் ஏப்ரல்லதானுங்க பரீட்சை."

அவர் கதவைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா கதவைப் பார்க்கவில்லை.

"ஆகட்டுங்க" என்றார் அப்பா.

கார் போன பிறகு தங்கை வெளியே வந்தாள். "நா பரீட்சை எழுதோணுமுங்கப்பா."

"அந்த பஸ்ஸுல எப்படிப் போவ சாமி?"

"நா கூடப் போறனுங்கப்பா" என்றேன். "தெனமும் கொண்டுபோய் உட்டுட்டுக் கூட்டியாறேன்."

"நீ பஸ்ஸுல கூடப் போயிருவ" என்றாள் அம்மா. "தெருவுல இருக்கற அத்தன வாயிக்கும் நீ கூடப் போவியா? வைகாசி மாசங் கல்யாணம்னு சொல்லீட்டு இருக்கறாங்க. இப்பக் கல்யாணம் நின்னுபோச்சும்பாங்க. எதுக்கு நின்னுச்சுன்னு கேப்பாங்க."

"நா என்ன தப்புங்கம்மா செஞ்சேன்?" என்றாள் தங்கை. "யாருன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

அப்பா கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்தார். கட்டிக்கொள்ளாமல் பெட்டிக்குள் வைத்தார்.

மார்ச் முதல் வாரத்தில் பெருந்துறைக்குப் பக்கத்தில் தோட்டத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டோம். புத்தகங்களை எடுத்துவரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அப்பா அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஷிப்டுக்குத் திரும்பினார்.

ஜூன் மாதம் பரீட்சை முடிவுகள் எங்கள் பத்திரிகையில் வந்தன. அவன் பி.காம். தேறியிருந்தான்.