பின்வளவு பாருக்கு ஒரு நியோன்

என் கணவர் மாலைதீவில் ஒரு ஹோட்டலில் பன்னிரண்டு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். அங்கே கடலோரமாக ஒரு டீக்கி பார் இருந்ததாம். ஓலைக் கூரை, மூங்கில் மேசை, கூடைக்குள் தொங்கும் பல்ப், பின்சுவரில் அடக்கமாக எரியும் நியோன் எழுத்து. விளக்கு முழுக்க இவர் போட்டது. ஆனால் ஒரு நாள்கூட அங்கே கதிரையில் உட்கார்ந்ததில்லை, விற்றதெல்லாம் மார்க்கத்தில் நமக்கு ஆகாத சாமான். அதனால்தானோ என்னவோ, இனிப் போகமாட்டேன் என்று கல்முனைக்குத் திரும்பி வந்த மாதமே, அதே மாதிரி ஒன்றை எங்கள் பின்வளவில் கட்டப்போவதாகச் சொன்னார். குடிப்பதற்கு நன்னாரி சர்பத்தும் பலூடாவும்.

கேட்டதும் சிரித்துவிட்டேன். உள்ளுக்குள் எனக்குப் பெரிய நிம்மதி. ஒவ்வொரு லீவுக்கும் வந்து குழாயையோ கேற்றையோ திருத்துவார். திருத்தி முடிந்தால் பெட்டி கட்டிவிடுவார். இந்த முறை வேலை பெரிது. அது முடியாமல் இருக்கும்வரை ஆளும் இங்கே இருக்கும் என்று என் புத்தி கணக்குப் போட்டது.

கிடுகு வேய்ந்து, மூங்கில் அடித்து, மீன் பிடிக்கிற பழைய கரப்பு இரண்டைக் கவிழ்த்து உள்ளே பல்ப் மாட்டி முடிக்க மூன்று கிழமைதான் எடுத்தது. மிச்சமிருந்தது நியோன். "வாங்க" என்று ஒரே சொல். அதற்கு என்ன நிறம் என்பதை என்னிடம் விட்டார். அங்கேதான் பிழை விட்டார்.

தினமும் பொழுது சாய, மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, கடையில் வாங்கிவந்த, ரப்பர் மாதிரி வளையும் நியோன் துண்டை கிடுகுச் சுவரில் பிடித்துக் காட்டுவார். பச்சையைக் காட்டினார்.

"பள்ளிவாசல் மினாரா மாதிரி இரிக்கி மச்சான். சர்பத் குடிக்க வாற ஆக்கள் ஒளுச் செஞ்சி தொழப் போயிருவாங்க" என்றேன்.

நீலம் சலூன். சிவப்பு கோழிக்கடை. வெள்ளை ஆஸ்பத்திரி வார்ட்டு. மனிதர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. "டீக்கி எண்டா பல்ப் கண்ணுக்குத் தெரியப்படாது புள்ள, வெளிச்சம் மட்டும்தான் தெரியணும்" என்று பாடம் எடுத்துவிட்டு, துண்டைச் சுருட்டிக்கொண்டு போவார். மறுநாள் வேறு துண்டு வரும். உண்மையைச் சொன்னால், மஞ்சள்தான் வேண்டுமென்று முதல் நாளே எனக்குத் தெரியும். வேண்டுமென்றே இழுத்தேன்.

அப்படி ஒரு மாலை, மாமரத்திலிருந்து குசினிச் சுவர்வரை சின்னச் சின்ன பல்ப் மாலையை இழுத்து எரியவிட்டுப் பார்த்தார். எங்கள் ஊரில் வளவில் பல்ப் மாலை எரிந்தால் அது கலியாண வீடு. வேறு அர்த்தமே கிடையாது. எங்களுக்கோ ஒலுவில் கெம்பஸில் படிக்கிற ஒரே மகள். பத்து நிமிஷத்தில் பக்கத்து வீட்டு ராத்தா வேலியிலிருந்த கடப்பு வழியாக வந்துவிட்டார், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு.

"முடிவாகின கதைய எங்களுக்கு மறைச்சிட்டீங்களேகா. மாப்புள எந்த ஊரு? சோறாக்கிற கிடாரம் எங்கிட வீட்ட ரெண்டு கெடக்கு, ஆள அனுப்பி எடுங்க."

இவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாப்புளயும் இல்ல, ஒண்டும் இல்ல ராத்தா. அவள் படிச்சி முடிய இன்னும் ரெண்டு வருசம் இரிக்கி. அதுக்குள்ள நானும் ஒரு தரம் போய் வந்திருவன்."

ராத்தா அதைக் கவனிக்கவில்லை. சர்பத்தைக் குடித்து, பாரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். நான் அதே இடத்தில் நின்றேன்.

"எங்க போய் வாறீங்க?"

அவர் மாலையின் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "ஹோட்டல்ல திரும்பக் கூப்பிட்டாங்க. ஓம் எண்டு சொல்லிட்டன். மகளுக்கு வீடு கட்டணுமே."

கலியாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், இங்கே அப்படித்தான். நான் நின்றுகொண்டிருந்த வளவும் வீடும் என் வாப்பா எனக்குக் கட்டித் தந்தவை. எந்த வாயால் வேண்டாமென்று சொல்வேன்? கோபம் மட்டும் வந்தது.

"எப்ப சொல்ல இருந்தீங்க?"

"நீ கலர் சொன்ன பொறகு. நீ இழுக்கிறாய் எண்டு எனக்கும் தெரியும் புள்ள. எனக்கும் அது நல்லாத்தான் இருந்திச்சி."

அதற்குப் பிறகு இழுக்க என்ன இருக்கிறது. மஞ்சள் என்றேன். நாலே நாளில் "வாங்க" சுவரில் ஏறியது. நான் மறந்தாலும் மஃரிபுக்குத் தானாகப் பற்றுவதற்கு ஒரு டைமரும் பூட்டிவிட்டு, பெட்டி கட்டினார்.

அவர் போன பிறகும் நியோன் நேரம் தவறாமல் பற்றியது. வெறும் கதிரைகளைப் பார்த்து "வாங்க" என்றது. ஒரு கிழமை பொறுத்தேன், அதற்குமேல் என்னால் முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை வீடியோ கோலில் அவருக்குப் பின்வளவைக் காட்டினேன். கரப்புக்குள் பல்ப் எரிகிறது, மகள் பலூடாவோடு உட்கார்ந்திருக்கிறாள், சுவர் இருட்டு. அவருக்கு உடனே தொழில்காரக் கண் வந்துவிட்டது.

"நியோன் எரியல்லயே. டைமர் பழுதா?"

"பழுதில்ல. நான்தான் கழட்டி அலுமாரிக்குள்ள வெச்சிரிக்கன்" என்றேன். "நீங்க வந்து போடுங்க."