பாதி காலியாகக் கிடந்த டிஸ்க்

ஒஸ்லோவில் ரயில் போனால் ஜன்னல் அதிர்வதில்லை. எத்தனையோ வருடமாகியும் எனக்கு அது சரிவரவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட் கடற்கரை ரயில் பாதையோரம் நிற்கிறது. அங்கே ரயில் வந்தால் கதைத்துக்கொண்டிருப்பவர்கள் பாதி வசனத்தில் நிறுத்திக் காத்திருப்பார்கள். அப்பா போனபிறகு அம்மா அங்கே தனியே. போன விடுமுறையில் ஹோலில் ஒரு கமரா பூட்டி, அப்பாவின் பழைய கொம்பியூட்டரோடு இணைத்துவிட்டு வந்தேன். ஏதாவது அசைந்தால் அது ஒரு சின்னப் படம் எடுத்துச் சேமிக்கும். நான் வேலைக்குப் போகும் வழியில் ஃபோனில் பார்ப்பேன். அம்மா தேத்தண்ணி குடிக்கிறா, பேப்பர் வாசிக்கிறா. வெட்கத்தை விட்டுச் சொன்னால், என் குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான்.

ஒருநாள் படங்கள் நின்றுபோயின. பதறிப்போய் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"டிஸ்க்கில இடமில்லை எண்டு காட்டுது தம்பி. நீ யோசிக்காதை, நான் ஆளைப் பிடிச்சுச் சரிபண்ணுறன்."

பின்னேரம் இங்கிருந்தே அந்தக் கொம்பியூட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். டிஸ்க் பாதி காலி. கொம்பியூட்டர்தான் என் தொழில் என்பதால் விஷயம் உடனே விளங்கியது. ஒவ்வொரு கோப்புக்கும், சின்னதோ பெரியதோ, ஐநோட் என்று ஒரு பதிவு வேண்டும். அவை அளவாகத்தான் உண்டு. கோயில் வாசலில் செருப்பு வைக்கிற தட்டு வெறுமையாகக் கிடந்தாலும், டோக்கன் முடிந்தால் வாங்கமாட்டார்கள் அல்லவா, அதுபோல. கடற்காற்றுக்கு நாள் முழுக்க ஆடிய திரைச்சீலையைக் கமரா ஓயாமல் படமெடுத்து எல்லா டோக்கனையும் தின்றுவிட்டிருந்தது. மறுபடி அம்மாவை அழைத்தேன்.

"கீழ்க்கடைக்காரர் வந்து பாத்தவர். பெரிசா ஒண்டு கிடக்கு, அதை எடுத்தா இடம் வரும் எண்டார். அப்பாவின்ர வீடியோ. உன்னட்ட இருக்குத்தானே, அதால அழியுங்கோ எண்டு அவரிட்டச் சொன்னனான்."

என்னிடம் இல்லை. அது அம்மாவிடம் பத்திரமாக இருக்கிறதென்றே நான் இத்தனை காலமும் இருந்தேன்.

அந்த வீடியோவில் இருப்பது கொட்டாஞ்சேனை மண்டபத்தில் நடந்த அக்காவின் கல்யாணம். யாரோ அப்பாவின் கையிலிருந்து கமராவைப் பறித்து அவரையே எடுக்க, "என்னை ஏன் எடுக்கிறீர், சாப்பிடுற ஆக்களை எடும்" என்று கத்துகிறார். அவருடைய முகமும் குரலும் சேர்ந்து எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அடுத்த நாள் கூட வேலை செய்யும் ஆர்னேயிடம் சொன்னேன். வேறு வீடியோக்கள் இருக்குமே என்றான். எங்கள் வீட்டில் எப்போதும் வீடியோ எடுப்பவர் அப்பாதான் என்றேன். "அப்படியென்றால் நிறைய இருக்குமே!" என்று சந்தோஷப்பட்டான். எடுக்கிறவர் படத்தில் வருவதில்லை என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த வீடியோவை அழித்ததில் ஒரேயொரு டோக்கன்தான் கிடைத்தது. அடுத்த காற்றுக்குத் திரைச்சீலை ஆட, அந்தப் படம் அதையும் எடுத்துக்கொண்டது. அந்த வீடியோ, டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்ற குறிப்பு அதோடு அழிந்தது. தெரிந்த வித்தையெல்லாம் செய்து தேடினேன், அகப்படவில்லை. அப்பா அந்தக் காலிப் பாதிக்குள் எங்கேயோ துண்டுதுண்டாகக் கிடக்கக்கூடும். எனக்கு அங்கே போக வழியில்லை.

திரைச்சீலைப் படங்களை ஆயிரக்கணக்கில் அழித்துத் தள்ளினேன். அம்மா ஃபோன் எடுத்தா.

"கடைசியா இடம் வந்திட்டுதோ தம்பி?"

"ஓம் அம்மா. நிறைய இடம் வந்திட்டுது."